தாங்கு கம்பில் வைத்தும் குறி ஆடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

துப்பாக்கியைத் தாங்கு கம்பில் (முன்பாதியைத் தாங்கத் தரையில் ஊன்றும் கவட்டைக் கம்பு) சாய்த்த பிறகும் குறி நிற்கவில்லையென்றால் பழி முதலில் கம்பின் மேல்தான் விழும். தடிமனான கம்பு வாங்குவார்கள், மூன்றாவது கால் சேர்ப்பார்கள், ரப்பரை மாற்றுவார்கள். ஆட்டம் அப்படியே இருக்கும். கம்பு பிடித்துக்கொள்வது துப்பாக்கியின் முன்பாதியைத்தான். பின்பாதி உங்கள் தோளில் இருக்கிறது, தோளோ மூச்சோடு ஏறி இறங்குகிறது. எந்த முனை ஆடுகிறது என்று தெரியாமல் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. கம்பின் தலையில் துப்பாக்கி அமரும் கவட்டைக்கும் தோளில் பதியும் பின்கட்டைக்கும் இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் எந்த முனை 1 மி.மீ. நகர்ந்தாலும் 25 மீட்டரில் குறி ஏறக்குறைய 36 மி.மீ. விலகும். 100 மீட்டரில் அது 14 செ.மீ. ஆகிவிடும். முன்னால் இரும்பில் வார்த்த தாங்கியே இருந்தாலும், பின்னால் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தடுக்க அதால் முடியாது.

எதைச் சுடுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோவதே குற்றம். கொக்கு, மயில், முயல் எதுவும் விதிவிலக்கில்லை. இங்கே சொல்வதெல்லாம் காகித இலக்கில் ஏர் ரைஃபிள் பழகுகிறவர்களுக்கு. குழல்துளை 4.5 மி.மீ.க்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. சட்டப்படி வேட்டை நடக்கும் தென்னாப்பிரிக்கா, நமீபியா போன்ற நாடுகளில் இந்தக் கம்பு அன்றாடக் கருவி. புல் உயர்ந்து நிற்கும் இடத்தில் படுத்துக்கொண்டு இலக்கைப் பார்க்க முடியாது. அதனால் வழிகாட்டி மூன்று கால் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார், நின்றே சுடுவார்கள். பொறியமைப்பு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

முதல் சோதனை

குண்டு போடாமல், பாதுகாப்புக் கொண்டி பூட்டிய நிலையில் துப்பாக்கியைக் கவட்டையில் வையுங்கள். பின்னால் மண் கரை இருக்கிற திசையில், 25 மீட்டரில் ஒட்டிய காகிதத்தைக் குறி பாருங்கள். பத்து விநாடி, விசையைத் தொடவே கூடாது. ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் பொருத்திய குறிநோக்கி) தெரியும் குறுக்குக்கோடு எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு உடன் இருப்பவரைப் பின்கட்டையின் அடியில் ஒரு மணல் பையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். ஆட்டம் பாதியாகக் குறைந்தால் கோளாறு பின்பக்கம். அப்படியே இருந்தால் கம்பில், அல்லது கம்பு ஊன்றிய தரையில்.

இந்தச் சோதனையில் ஸ்கோப் உருப்பெருக்கத்தை 6-க்கு மேல் வைக்காதீர்கள். 12-இல் வைத்தால் இருக்கிற ஆட்டம் இரண்டு மடங்காகத் தெரியும், மனம் பதறி விசையை வெடுக்கென்று இழுத்துவிடும். பங்குனி, சித்திரை உச்சிவெயிலில் தேரிக்காட்டுப் (செம்மணல் மேட்டுப்) பக்கம் பார்த்தால் கானல் அலையில் இலக்கே நெளியும். அதற்குக் கம்பில் மருந்து இல்லை. காலை ஒன்பது மணிக்குள் சோதனையை முடித்துவிடுங்கள்.

குறி மேலும் கீழும் ஏறி இறங்குகிறது

காகிதத்தில் துளைகள் செங்குத்தாக ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். பெரும்பாலும் இது மூச்சு. முன்முனை கவட்டையில் நிற்கிறது, பின்முனை நெஞ்சோடு சேர்ந்து அசைகிறது. பாதி மூச்சை விட்டு நிறுத்தி, ஏழெட்டு விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். அதற்குமேல் அடக்கினால் கண் மங்கும், உடம்பு நடுங்கும். அந்த நேரத்துக்குள் சுட முடியாவிட்டால் மூச்சை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மூச்சைச் சரிசெய்த பிறகும் செங்குத்துக் கோடு போகவில்லையென்றால் உயரம் தப்பு. கவட்டை உங்கள் அக்குளுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே வர வேண்டும். அதற்கு மேலே போனால் குதிகால் தானாக எழும்பும், கெண்டைக்கால் ஒரு நிமிடத்தில் துடிக்கத் தொடங்கும். கீழே போனால் முதுகு வளையும், கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும், ஸ்கோப்பின் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும். “முதலில் நன்றாக நின்றது, பிறகுதான் ஆடுகிறது” என்று சொல்பவர்களுக்குக் காரணம் அநேகமாக இந்த உயரம்தான்.

பின்முனைக்குத் தாங்கல் கொடுப்பதுதான் முழு மருந்து. தரையில் உட்கார்ந்து சுடும்போது வலது முழங்கையை வலது முழங்கால் மேலே, எலும்பின் மேல் எலும்பு படாமல் சதைப்பக்கமாக ஊன்றுங்கள். நின்று சுடும்போது வலது முழங்கைக்கு அடியில் இன்னொரு ஒற்றைக் கம்பு வைக்கலாம். அதன் தலையில் பழைய துணியைப் பந்துபோலச் சுற்றிக் கட்டுங்கள். முன்னும் பின்னும் தாங்கும் நான்கு கால் கம்புகள் வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. நின்ற நிலையில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் எடை கூடும், விரிக்கவும் நேரமாகும்.

குறி இடவலமாக ஊசலாடுகிறது

இதற்குக் காரணம் மூன்று. அவை ஒன்றோடொன்று கலந்தும் வரும்.

ஒற்றைக் கம்பு என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அது உயரத்தை மட்டும்தான் பிடிக்கும், பக்கவாட்டில் எதையும் தடுக்காது. இரட்டைக் கால், மூன்று கால் கம்பிலும் ஊசலாட்டம் இருந்தால் உடம்பின் நிலையைப் பாருங்கள். குறி பார்த்து, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கை விட்டு இடப்பக்கம் போயிருந்தால் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். கையால் தள்ளிச் சரிசெய்தால் தசை இழுத்துக்கொண்டே இருக்கும், ஊசல் நிற்காது. பாதத்தை நகர்த்துங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி இலக்கிலேயே இருக்கும் வரை நகர்த்துங்கள்.

மூன்றாவது, காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் நாள் முழுக்க ஓயாது. காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தான். கம்பு நடுங்கி ஆடுவதும், பெல்லட்டை (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) காற்று ஒதுக்குவதும் காகிதத்தில் ஒரேபோலத் தெரியும். பிரித்தறிய முன்சொன்ன பத்து விநாடிச் சோதனைதான் வழி. ஸ்கோப்பில் குறி அசையாமல் நின்றும் துளை பக்கத்தில் விழுந்தால் அது காற்று ஒதுக்கியது, கம்பைத் தொடாதீர்கள். குறியே ஆடினால் உட்கார்ந்து சுடுங்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால் கம்பு சேரும் இடத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பையைத் தொங்கவிடுங்கள். பையின் அடிப்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும் உரசி நிற்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் பையே ஊஞ்சலாடிக் கம்பை இழுக்கும்.

மூன்று கால் கம்பு முன்னால் குடை சாய்கிறது

மூன்று காலில் ஒரு காலை இலக்கை நோக்கி நீட்டுங்கள், மற்ற இரண்டும் உங்கள் பக்கம். பலர் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள். உடம்பை லேசாக முன்னே சாய்த்து எடையைக் கம்பில் கொடுத்தால்தான் ஆட்டம் அடங்கும், அந்த எடை போவது முன்பக்கம். சேரும் இடத்திலிருந்து பாதம் வரை 150 செ.மீ. உள்ள கால்களைச் செங்குத்திலிருந்து 20 பாகை விரித்தால் கவட்டை 141 செ.மீ. உயரத்தில் நிற்கும், ஒவ்வொரு பாதமும் நடுப்புள்ளியிலிருந்து 51 செ.மீ. தள்ளி இருக்கும். ஒரு கால் முன்னே இருந்தால் முன்சாய்வைத் தடுக்க அந்த 51 செ.மீ. முழுதும் கிடைக்கிறது. இரண்டு கால் முன்னே இருந்தால் பாதி, வெறும் 25 செ.மீ. கம்பு அதேதான், வைத்த விதத்தில் பலம் பாதியாகிவிட்டது.

சரிவில் வைக்கும்போது மட்டும் கணக்கு வேறு: இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். குளத்துக் கரையில் ஏறி நிற்கும்போது இதுதான் முக்கியம்.

இரட்டைக் கால் கம்பில் மூன்றாவது கால் நீங்கள்தான். பாதங்களை உங்களுக்கு முன்னே தள்ளி ஊன்றி, தலைப்பக்கம் உங்களை நோக்கிச் சாயும்படி வையுங்கள். எடை பின்னோக்கி வந்து பின்கட்டையைத் தோளில் அமர்த்தும். செங்குத்தாக நிறுத்தினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கவிழும்.

துப்பாக்கி கவட்டையில் வழுக்குகிறது, உருள்கிறது

இரண்டு கம்புகளைக் கத்தரிபோலக் கோத்த குறுக்குக் கம்பில் மட்டும் வரும் கோளாறு இது. கீழே கால்கள் எவ்வளவு விரிகின்றனவோ மேலே கவட்டையும் அவ்வளவே விரியும். ஒரு மீட்டர் கம்பில் தலையிலிருந்து 12 செ.மீ. கீழே போல்ட் போட்டிருக்கிறீர்கள் என்றால் பாதங்கள் 90 செ.மீ. விலகும்போது கவட்டை 75 செ.மீ. உயரத்தில், ஏறக்குறைய 60 பாகைக் கோணத்தில் இருக்கும். முன்கட்டை அதில் கச்சிதமாக உட்காரும். உயரம் போதாத ஆள் இன்னும் தாழ்த்துவதற்காகப் பாதங்களை 130 செ.மீ. விரித்தால் உயரம் 60-க்குக் கீழே வரும். ஆனால் கவட்டை 95 பாகைக்கு அகன்றுவிடும், துப்பாக்கி அதில் நிற்காது.

விரித்துத் தாழ்த்தாதீர்கள், கம்பின் அடியை வெட்டுங்கள். ஒரே வெட்டில் முடிக்க வேண்டாம்; இரண்டு செ.மீ. வெட்டி, உட்கார்ந்து பார்த்து, பிறகு அடுத்த இரண்டு. கொம்பு (போல்டுக்கு மேலே நிற்கும் பகுதி) 10 செ.மீ.க்குக் குறைந்தாலும் துப்பாக்கியைத் திருப்பும்போது தாண்டி விழும். உட்பக்கத்தில் சைக்கிள் டியூபை வரிந்து ஒட்டினால் வழுக்கல் நிற்கும், முன்கட்டையின் பாலிஷும் கீறாது.

மணல் பையில் ஓரிடம், கம்பில் வேறிடம் அடிக்கிறது

கம்பில் வைத்ததும் எல்லாத் துளையும் சேர்ந்து இரண்டு விரல்கடை மேலே போய்விட்டது, ஆனால் துளைகளின் கூட்டம் சிதறவில்லை. ஸ்கோப்பைத் திருக வேண்டாம். குழல் கவட்டையைத் தொடுகிறதா என்று பாருங்கள். குழல் எதன் மேலும் சாயக் கூடாது; மரக்கட்டைதான் சாய வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கும் இதே விதி.

நம் பக்கம் பலர் கையில் இருப்பது குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். இதன் குணம் தனி. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னே பாய்கிறது. துப்பாக்கி முதலில் பின்னே உதைத்து, பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னே உதைக்கும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த உதறல் தொடங்கிவிடுகிறது. கெட்டியான கவட்டையில் நேரே வைத்தால் துள்ளும், இறுக்கிப் பிடித்தால் வேறு பக்கம் துள்ளும். இதற்கு ஒரே வழி, இடது உள்ளங்கையை விரித்துக் கவட்டையில் வைத்து, அதன் மேல் முன்கட்டையைப் பட்டும் படாமலும் கிடத்துவது. விரல்கள் கட்டையைக் கவ்வக் கூடாது. உள்ளங்கை படும் இடத்தில் கட்டையின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். இரண்டு விரல் முன்னே பின்னே போனாலும் அடிபடும் இடம் மாறும். மூன்று கால் கம்பைப் பற்றிச் சொன்னபோது கம்பில் சாய்க்கச் சொன்னது உடம்பின் எடை. அதைக் கையால் கம்பைப் பிடித்துக் கொடுங்கள், துப்பாக்கியை அமுக்கிக் கொடுக்காதீர்கள்.

காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் பிசிபி வகையில் இந்தத் தொல்லை கிடையாது, கவட்டையில் நேரே வைக்கலாம். காற்றுக் குப்பியின் மேல் மட்டும் சாய்க்க வேண்டாம்.

விசைப் பழக்கத்துக்காக ஸ்பிரிங் ரைஃபிளை வெறுமனே சுடுவது வேண்டவே வேண்டாம். முன்னால் பெல்லட் இல்லாமல் பிஸ்டன் நேரே மோதி வாஷர் கிழியும்.

ஒரு கால் புதைகிறது, அல்லது வழுக்குகிறது

முதல் துளை நடுவில், அடுத்தது சற்றே கோணலாகக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே என்று போனால் ஒரு கால் இறங்கிக்கொண்டிருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கூர்முனைக் கம்பு நிற்கவே நிற்காது. பழைய ஸ்கூட்டர் டயரின் பக்கச்சுவரில் 8 முதல் 10 செ.மீ. விட்டத்தில் வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, கம்பின் அடியிலிருந்து 3 செ.மீ. மேலே ஏறி நிற்குமாறு இறுக்கி மாட்டுங்கள். கூர்முனை குத்திக்கொள்ளும், வட்டு மேலே தாங்கிக்கொள்ளும்.

கரிசலில் வட்டு உதவாது. ஈரம் இருந்தால் மண் அப்பிக்கொண்டு வட்டு அடை அடையாகக் கனக்கும், ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நீளமாகிவிடும். வெறும் முனையே போதும், ஒவ்வொரு முறையும் வழித்துவிடுங்கள். கோடையில் வெடிப்புக்குள் கால் இறங்காமல் பார்த்து ஊன்ற வேண்டும். பாறையிலும் சிமெண்டுத் தரையிலும் மருத்துவக் கருவிக் கடையில் விற்கும் ஊன்றுகோல் ரப்பர் மூடியைப் போடுங்கள். நாற்காலிப் புஷ் மலிவு என்றாலும் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கும், தூசி பட்டால் சறுக்கும்.

கம்பே வளைகிறது

கவட்டையைக் கையால் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள். ஒரு முறை அசைந்து நின்றால் நல்ல கம்பு. அதிர்ந்துகொண்டே இருந்தால் மெலிந்தது. பிவிசி குழாய் மலிவு என்று பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு அங்குலக் குழாயானாலும் ஒன்றரை மீட்டர் நீளத்தில் வளையும், வெயிலில் இன்னும் தளரும். அதைத் தள்ளிவிடுங்கள்.

கெட்டிச் சுவருள்ள கல் மூங்கில், அடியில் 25 மி.மீ., தலையில் 20 மி.மீ., இதுதான் நம் ஊருக்கு ஏற்றது. காட்டில் வெட்டாமல் கடையில் வாங்குங்கள். பச்சையாக இருந்தால் நிழலில் ஒரு மாதமாவது நிறுத்திக் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் நெடுக வெடிக்கும். சவுக்கு கிடைப்பது எளிது, ஆனால் காயும்போது கோணும், எடையும் அதிகம். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைச் சீவிச் செய்தால் அசையாது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, சிராயும் கையில் ஏறும். ஓரிடத்தில் நட்டுவைத்துப் பழகுகிறவர்களுக்கு மட்டும் சரி.

துளை போடும் இடத்தில்தான் மூங்கில் பிளக்கும். கணுவுக்கு ஒட்டினாற்போல் இடம் பாருங்கள். துளைக்கு மேலும் கீழும் செப்புக் கம்பியை ஆறு ஏழு சுற்று இறுக்கிச் சுற்றிவிட்டு, முதலில் 3 மி.மீ. பிட்டால் துளைத்து, பிறகு பெரிதாக்குங்கள். இரட்டைக் காலுக்கு 6 மி.மீ. போல்டும் 6.5 மி.மீ. துளையும் போதும். மூன்று காலையும் ஒரே போல்டில் கோக்கும்போது துளை 8 மி.மீ. வேண்டும், இடைவெளி இல்லாவிட்டால் நடுக்கால் பக்கவாட்டில் விரியாது, கட்டாயப்படுத்தினால் மூங்கில் கிழியும். கால்களுக்கு இடையே ரப்பர் வாஷர், வெளிப்பக்கம் அகல இரும்பு வாஷர், கடைசியில் நைலான் வைத்த நட்டு. சாதா நட்டு நடக்க நடக்கக் கழன்றுவிடும்.

விரிக்கும்போது சத்தம், மூடிவைத்தால் ஒட்டல்

கம்போடு கம்பு மோதும் ‘டக்’ சத்தத்துக்குக் கவட்டைக்குக் கீழே ஒரு சாண் நீளம் துணி நாடா சுற்றினால் போதும். மூன்று காலையும் போல்ட் இல்லாமல் சைக்கிள் டியூப் வளையத்தால் சேர்த்திருந்தால், அந்த வளையம் நம் வெயிலில் சில மாதங்களில் பிசுபிசுத்து, விரித்த இடத்தில் நிற்காமல் வழியும். விரலால் இழுத்துப் பாருங்கள். மேல்தோலில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வளையம் 2 செ.மீ. அகலம், இரண்டு அடுக்கு. இதே மூன்று காலில் தொலைநோக்கியை வைத்துக் கூந்தன்குளத்தில் பறவை பார்க்கிறவர்கள் வளையத்தை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். மணிக்கணக்கில் விரித்தே நிற்பதால் ரப்பர் சீக்கிரம் தளர்கிறது.